ஆறுக்கு நாலு கூண்டில் இரண்டு கழி

பின்கட்டில் இருக்கும் கோழிக்கூண்டு 6 அடி நீளம், 4 அடி அகலம். முன்பக்கம் 6 அடி உயரம், பின்பக்கம் 5 அடி, மேலே சாய்வாகத் தகரம். ரெடிமேடாக விற்கிற இரும்புக் கூண்டுதான். கால், சட்டம், கதவு எல்லாம் திடமாகவே செய்திருந்தார்கள். செய்தவருக்குக் கோழி வளர்த்துப் பழக்கமில்லை என்பது உள்ளே எட்டிப் பார்த்தால்தான் தெரியும். கோழி ராத்திரி ஏறி அடைவதற்கான கழி என்று மேற்குப் பக்கச் சுவரில் முக்கால் அங்குல இரும்புக் குழாய் மூன்றை ஏணிப்படியாகப் பற்றவைத்திருந்தார்கள். கீழ்க்குழாய் தரையிலிருந்து 1 அடி, நடுக்குழாய் இரண்டரை அடி, மேல்குழாய் 4 அடி. மேல்குழாய்க்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்கூட இடமில்லை. எதிர்ப்பக்கம், கிழக்குச் சுவரில், முட்டைப் பெட்டி மூன்று. அவை 3 அடி உயரத்தில்.

இதில் குடியிருப்பவை மொத்தம் ஒன்பது. சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழிப் பெட்டை ஐந்து, கிராமப்ரியா என்கிற பருத்த ரகத்தில் பெட்டை இரண்டு, ஒரு சேவல், இன்னும் முட்டையிடத் தொடங்காமல் வளர்ந்து வரும் விடை ஒன்று. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் யார் எங்கே தூங்குகிறார்கள் என்பதிலேயே கோளாறு முழுக்கத் தெரிந்துவிடும். மேல்குழாயில் சேவலும் மூத்த பெட்டைகள் மூன்றும். முட்டைப் பெட்டியில் ஒரு சிறுவிடையும் ஒரு கிராமப்ரியாவும். இன்னொரு கிராமப்ரியா கீழ்க்குழாயில், முதுகெல்லாம் மேலே இருப்பவற்றின் எச்சம். விடையும் மீதி ஒரு இளம்பெட்டையும் கூண்டிலேயே இல்லை. வேலியோர முருங்கையில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

முட்டைப் பெட்டியில் கோழி தூங்கினால் என்ன என்று கேட்கலாம். கோழி தூக்கத்திலும் எச்சமிடும். ஒரு நாள் எச்சத்தில் கணிசமான பங்கு ராத்திரி அடையும் இடத்தில்தான் விழும். காலையில் அதே பெட்டியில் மற்றவை முட்டையிட வரும். முட்டை எச்சத்தில் புரண்டுதான் கைக்கு வரும். கழுவினால் போச்சு என்று விடவும் முடியாது. முட்டை ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது, ஓட்டின் துளைகளை அடைத்துக்கொண்டிருப்பது அதுதான். கழுவினால் அது போய்விடும், முட்டை சீக்கிரம் கெடும், அடை வைக்கவும் ஆகாது. ஆக அழுக்கு முட்டை என்பது பெட்டியின் குற்றமல்ல, கழியின் குற்றம். பெட்டிக்குள் வைக்கோலை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது.

கோழி ஏன் இப்படி மேலே மேலே போகிறது என்றால், அதன் ரத்தம் அப்படி. வீட்டுக்கோழிக்கு மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி பகலெல்லாம் தரையைக் கிளறும், இருட்டினால் மரமேறிவிடும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் சாம்பல் காட்டுக்கோழியும் அப்படித்தான். கோழிக்கு இருட்டில் கண் அவ்வளவாகத் தெரியாது. தரையில் அகப்பட்டால் தப்பிக்க வழியில்லை என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே உயரமான இடத்தைப் பிடித்துவிடும். கூண்டுக்குள் எது உயரமோ அதுதான் அதற்குப் படுக்கை. அது கழியா, பெட்டியா, தீவனத் தொட்டியின் விளிம்பா என்றெல்லாம் பார்க்காது. அதனால் முதல் விதி ஒன்றே ஒன்று: கூண்டுக்குள் உட்காரத் தோதான இடங்களில் கழிதான் எல்லாவற்றையும்விட உயரமாக இருக்க வேண்டும்.

ஏணி அமைப்பை நான் முழுக்க எடுத்துவிட்டேன். பெரிய கொட்டகையில் 5, 6 அடி உயரத்துக்குக் கழி கட்டுகிறவர்களுக்கு ஏணி வேண்டும், பருத்த கோழிகள் படிப்படியாக ஏறி இறங்கலாம். ஆறுக்கு நாலு கூண்டில் ஏணி என்பது தினமும் சாயங்காலம் சண்டைக்கு அழைப்பு. பேருந்தில் ஜன்னலோர சீட்டுக்கு நடக்கிற அடிதடிதான், இங்கே அலகால் நடக்கும். மேல்படி காலியாக இருக்கும்வரை எந்தக் கோழியும் கீழ்ப்படியில் மனசாரத் தூங்காது. மூத்தது கொத்தும், இளையது இறங்கும், மறுபடி ஏறும், மறுபடி கொத்து வாங்கும். கடைசியில் பெட்டிக்கோ முருங்கைக்கோ போகும். எல்லாக் கழியும் ஒரே மட்டத்தில் இருந்துவிட்டால் சண்டை போட விஷயமே பாதியாகிவிடும். ஓரமா நடுவா என்கிற தகராறு மட்டும் மிஞ்சும், அது சீக்கிரம் தீர்ந்துவிடுகிற தகராறு.

எத்தனை நீளம் வேண்டும் என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல் முட்டைக்கோழிகளுக்கென்று போட்ட விதியில் கோழிக்குக் குறைந்தது 15 செ.மீ. கழி, கழிக்கும் கழிக்கும் 30 செ.மீ., கழிக்கும் சுவருக்கும் 20 செ.மீ. என்று இருக்கிறது. அது பண்ணைக்கணக்கு. ஒரே வயது, ஒரே ரகம், ஒரே அளவு கோழிகள் இருக்கிற இடம் அது. நம் கொல்லைப்புறத்தில் சேவலும் கிழட்டுப் பெட்டையும் புதுசாக வந்த விடையும் ஒரே கழியைப் பங்கு போட்டாக வேண்டும். அதனால் சிறுவிடைக்கும் விடைக்கும் 8 அங்குலம், கிராமப்ரியாவுக்கும் சேவலுக்கும் 10 அங்குலம் என்று வைத்துக்கொண்டேன். கூட்டினால் ஆறரை அடி வருகிறது. நாலடிக் கழி இரண்டு போட்டால் 8 அடி. ஒன்றிரண்டு கோழி கூடினாலும் தாங்கும்.

இந்த அங்குலக் கணக்கு தூங்குவதற்கானது என்று பலர் நினைக்கிறார்கள். மார்கழிக் குளிரில் ஒன்பது கோழியும் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்துவிடும், தூங்கக் கொஞ்சம் இடம் போதும். இடம் வேண்டியிருப்பது ஏறும்போது. சிறகை விரித்துக் குதிக்கிற கோழிக்குக் கழியில் வெற்றிடம் தெரிய வேண்டும், ஏறியபின் நகர்ந்து திரும்ப இடம் வேண்டும், மூத்தது முறைத்தால் ஒதுங்கிக்கொள்ள இடம் வேண்டும். அப்புறம் கத்திரி வெயில் காலம். அப்போது ராத்திரியிலும் ஒன்றையொன்று தொடாமல், சிறகை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டுதான் தூங்கும். கழியின் நீளத்தை நம் ஊரில் சித்திரைக்குத்தான் அளக்க வேண்டும், மார்கழிக்கு அல்ல.

கழிக்குச் சவுக்கு. பண்ருட்டி, கடலூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதில் யோசிக்கவே வேண்டாம். சாரம் கட்ட விற்கிற கடையில் துண்டுக் கட்டைகள் எப்போதும் ஓரமாகக் கிடக்கும். இரண்டு அங்குலம் கனம், முடிந்தவரை நேரான துண்டு, பச்சை வாசம் போகாதது. பச்சையாக இருக்கும்போது பட்டை எளிதாக உரிந்து வரும். காய்ந்துவிட்டால் அரிவாளோடு மல்லுக்கட்ட வேண்டும். பட்டையை உரித்தே ஆக வேண்டும் என்பதில் நான் கறார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கிற சந்துதான் செள்ளுக்கும் உண்ணிக்கும் குடியிருப்பு. உரித்த கழியை நிழலில் ஆற விட்டேன். சவுக்கு காயும்போது நீளவாக்கில் வெடிக்கும். வெடித்த இடங்களில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாயிற்று.

மூங்கில் ஏன் கூடாது என்று கேட்டார்கள். கூடாது என்றில்லை, ஆனால் தோல் வழுவழுப்பு, எச்சம் பட்டால் இன்னும் வழுக்கும். முனையை அடைக்காமல் விட்டால் உள்ளே பூச்சி குடியேறும். பிவிசி குழாயை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ராத்திரி முழுக்கக் கோழி வழுக்கிக்கொண்டே சமாளித்துக்கொண்டிருக்கும். இரும்புக்கும் அதே கோளாறு, கூடவே வெயில் காலத்தில் தகரத்தின் கீழே அந்தியிலும் சுடும், மார்கழியில் சில்லிடும்.

கனம் பற்றி ஒரு வார்த்தை. வெட்டிய கோழிக்காலில் வெள்ளையாகத் தெரிகிற நாரைப் பிடித்து இழுத்து விரல்களை மடக்கி விளையாடாத பிள்ளை ஊரில் கிடையாது. அந்த நார்தான் கோழிக்குப் பிடிமானம். கோழி உட்காரும்போது கால் மடங்கும், மடங்கினால் நார் இறுகும், இறுகினால் விரல்கள் கழியைக் கவ்விக்கொள்ளும். முக்கால் அங்குலக் குழாயில் விரல் கவ்வுவதற்குக் குறையில்லை, ஆனால் உடம்பின் பாரம் முழுக்க நெஞ்செலும்பில் ஒரு கோடாக அழுந்துகிறது. வளரும் கோழிக்கு நெஞ்செலும்பு முற்றிலும் கெட்டியாகாத பருவத்தில் இது நல்லதில்லை. எலும்பு வளைந்த கோழிகளைக் கறிக்கு வெட்டும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்றரை முதல் இரண்டு அங்குலக் கழியில் பாரம் பரவுகிறது. உருண்டைக் கழியின் மேல்பக்கத்தை இழைப்புளியால் ஒரு அங்குல அகலத்துக்கு லேசாகத் தட்டையாக்கினேன். விளிம்பு எங்கேயும் கூராக இல்லாமல் மறுபடி உப்புத்தாள். குளிர்நாடுகளில் பனியில் விரல் மரத்துப்போகாமல் இருக்க நாலு அங்குல அகலப் பலகையைப் படுக்கைவாக்கில் போட்டு, கால் முழுவதும் இறகுக்குள் மறையும்படி செய்வார்கள். நமக்கு அந்தத் தேவை இல்லை.

பட்டறைக்காரர் பழைய குழாய்களை அறுத்தெடுக்கும்போதே, "கழிய நேரா சட்டத்துல வச்சு போல்ட் அடிச்சிடலாமே தம்பி, ஒரேடியா நிக்கும்" என்றார். ஒரேடியாக நிற்கக் கூடாது என்பதுதான் விஷயம். கழி நினைத்த நேரத்தில் கழன்று வர வேண்டும். முன் சட்டத்திலும் பின் சட்டத்திலும் கழிக்கு இரண்டாக மொத்தம் நாலு இடத்தில், மூன்று அங்குல ஆங்கிள் துண்டுகளை வாய் மேலே பார்க்கப் பற்றவைக்கச் சொன்னேன். கழியின் இரு முனைகளிலும் அடிப்பக்கத்தை மட்டும் தட்டையாகச் செதுக்கியிருப்பதால் ஆங்கிளில் படிந்து உட்காரும், உருளாது. ஆங்கிளில் ஒரு துளை, கழியில் ஒரு துளை, மேலிருந்து ஒரு நீள ஆணியைச் சும்மா இறக்கிவிட்டால் தீர்ந்தது. உருளுகிற கழியில் கோழி ஒருதரம் விழுந்தால் அப்புறம் அந்தப் பக்கமே வராது.

இடம் இப்படி அமைந்தது. இரண்டு கழியும் கூண்டின் அகலவாக்கில், அதாவது முன்சுவரிலிருந்து பின்சுவருக்கு. மேற்குச் சுவரிலிருந்து முதல் கழி 12 அங்குலம் தள்ளி. சேவலின் வால் சுவரில் உரசி ஒடியாமல் இருக்க அவ்வளவு வேண்டும். அதிலிருந்து 15 அங்குலம் தள்ளி இரண்டாவது. இரண்டும் தரையிலிருந்து இரண்டரை அடி. இரண்டாவது கழிக்கும் கிழக்குச் சுவருக்கும் நடுவே மூன்றேமுக்கால் அடி வெறும் தரை. அந்த வெற்றிடம் சும்மா விட்டதல்ல. கோழி கழியிலிருந்து நேர் கீழே குதிக்காது, சிறகடித்துச் சரிவாக இறங்கும். இறங்க இரண்டரை அடி உயரத்துக்குக் குறைந்தது அதே அளவு தரை முன்னால் வேண்டும். இல்லாவிட்டால் எதிர்ச்சுவரில் மோதும், அல்லது செங்குத்தாகப் பொத்தென்று விழும். கிராமப்ரியா மாதிரிப் பருத்த கோழி தினமும் அப்படி விழுந்தால் உள்ளங்கால் அடிபட்டு, காயத்தில் கிருமி ஏறி, பாதத்தின் அடியில் கருப்பு மூடியோடு கட்டி வரும். அது ஆற நாளாகும். உயரத்தை இரண்டரை அடியோடு நிறுத்தியதும் தரையில் நாலு அங்குலத்துக்குக் கடலைத்தோல் போட்டதும் அதற்காகத்தான்.

முட்டைப் பெட்டிகள் 3 அடியிலிருந்து 1 அடிக்கு இறங்கின. பெட்டிகளின் மேல்மூடி தட்டையாக இருந்தது. அதன் மேல் ஒரு பழைய தகரத்தை நல்ல சரிவாக அடித்துவிட்டேன். தட்டையாக எதை விட்டாலும் அதில் ஒரு கோழி அடைந்துவிடும்.

காற்று விஷயத்தில் கூண்டின் திசை எனக்குச் சாதகம். நீளம் கிழக்கு மேற்காக இருக்கிறது. கோழிக்கொட்டகையை அப்படிக் கட்டச் சொல்வதுதான் வழக்கம், வெயில் உள்ளே அதிகம் விழாது. வடக்கே பார்த்த பின்சுவர் 4 அடி உயரம்வரை தகரம், அதற்கு மேல் வலை. வடகிழக்குப் பருவமழையின் சாரல் அடிப்பது அந்தப் பக்கத்திலிருந்துதான் என்பதால் கழியில் உட்கார்ந்த கோழி நனையாது. எச்சத்திலிருந்து எழும் காரமான ஆவி தலைக்கு மேலே இருக்கிற வலை வழியாகப் போய்விடும். காற்று கோழியின் மேல் அடிக்காமல் தலைக்கு மேல் ஓட வேண்டும், அவ்வளவுதான். தெற்குப் பக்கம் முழுக்க அரை அங்குல வெல்ட் மெஷ். ஐப்பசி, கார்த்திகைக்குச் சுருட்டிவிட ஒரு தார்ப்பாய். அந்த வலையில் கழிமுனைகள் முட்டுகிற இடத்தில் மட்டும் ஓரடிப் பலகை ஒன்றை அடித்திருக்கிறேன். ஓரத்தில் தூங்கும் கோழி வலையை ஒட்டி உட்காரும், மரநாய் வெளியிலிருந்தே காலையோ இறகையோ பிடித்து இழுக்கப் பார்க்கும். எங்கள் பக்கம் மரநாய்க்குப் பஞ்சமில்லை.

மேற்குச் சுவர் சாயங்கால வெயிலில் காயும். கழிகள் அந்தப் பக்கம் இருப்பதால் வெளியே தென்னங்கீற்றுத் தட்டி ஒன்றைச் சாத்தினேன், சுவருக்கும் தட்டிக்கும் ஒரு கை இடைவெளி விட்டு. மேலே ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் மூடவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் அந்தி வெளிச்சம் கழியில் விழுகிறது. வெளியே வெளிச்சமும் உள்ளே இருட்டுமாக இருந்தால் கோழி வாசலில் நின்று தயங்கும். கடைசி வெளிச்சம் படுக்கையில் விழுந்தால் தானாக உள்ளே வரும். விளக்கு போட்டு அடைய வைக்கிறவர்கள் அதைத் திடீரென்று அணைத்துவிடக் கூடாது. ஏறாமல் தரையில் நிற்கிற கோழி அப்படியே திகைத்துத் தரையிலேயே படுத்துவிடும்.

எச்சத்தை ஏந்த, கழிகளுக்குக் கீழே ஒன்றரை அடி உயரத்தில் வெளியே இழுக்கும்படியான ஒரு தட்டு. மரச்சட்டத்தில் பழைய ஃபிளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டியதுதான். தமிழ்நாட்டில் ஃபிளெக்ஸுக்கு எங்கே போவது என்கிற கவலை யாருக்கும் வராது. எனக்குக் கிடைத்தது ஒரு காதணி விழாவுக்கு வைத்தது. தாய்மாமன்கள் வரிசையாகக் கும்பிட்டபடி இருந்தார்கள், மரியாதையாக அவர்களைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிக் கட்டிவிட்டேன். அதன் மேல் அடுப்புச் சாம்பலைத் தூவி வைத்தால் எச்சம் ஒட்டாது, ஈரமும் வாடையும் அடங்கும். காலையில் இழுத்து எருக்குழியில் தட்டிவிட்டு, மறுபடி சாம்பல். பச்சை எச்சத்தை நேராகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும். சருகோடு சேர்த்து மக்கவிட்டால்தான் உரம். தட்டில் இன்னொரு லாபம், காலையில் எச்சத்தைப் பார்த்தே நோய் தெரியும். வெள்ளையாகவோ பச்சையாகவோ நீர்த்துக் கிடந்தால் அன்றைக்கே எந்தக் கோழி சோர்ந்திருக்கிறது என்று தேட ஆரம்பிக்கலாம்.

தட்டுக்கும் கழிக்கும் ஓரடிதான் இடைவெளி. அதில் கோழி இறங்கி நடமாடக் கூடாது என்பதற்காகவே குறைவாக வைத்தது. அப்படியும் ஒன்று இறங்கி எச்சத்தைக் கிளறியது. தட்டின் மேல் பழைய கோழிவலைத் துண்டைப் பரப்பியதும் விட்டுவிட்டது.

எல்லாம் முடிந்த சாயங்காலம் வேடிக்கை பார்க்க வேண்டியது. சேவல் முதலில் ஏறவில்லை. கழிக்குக் கீழே நின்று தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அளந்தது, அப்புறம் மறுகண்ணால். கழுத்தை நீட்டிச் சுருக்கி, முழங்கால் மடக்கி, குதிக்கப் போகிறதென்று நினைக்கும்போது நிமிர்ந்து நின்று "க்கொர்" என்றது. பழைய குழாய் இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தது. ஏறியது மூத்த பெட்டைதான், சுவரோரக் கழியில். உட்கார்ந்த மாத்திரத்தில் நகத்தால் இரண்டுதரம் கழியைச் சுரண்டிப் பார்த்து, திரும்பி வாலைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டது. அதற்குப்பின் ஒவ்வொன்றாக. கிராமப்ரியா இரண்டும் தரையிலேயே நின்றன. நேர்க்குதியில் அவற்றுக்கு இரண்டரை அடி எட்டவில்லை. மறுநாள் இரண்டாவது கழிக்குக் கீழே, தட்டுக்கு வெளியே, ஒன்றேகால் அடி உயரத்தில் குறுக்குக்கட்டை அடித்த ஒரு பலகையைச் சாய்த்து வைத்தேன். படுக்கையாகப் பயன்படாத அளவுக்குக் குறுகலான பலகை. அதில் ஏறி அங்கிருந்து கழிக்குத் தாவக் கற்றுக்கொண்டன.

முருங்கைக் கேஸ் தனி. மரத்தில் அடையப் பழகிய கோழி நல்ல கூண்டைப் பார்த்துத் திருந்தாது. 2011-ல் தானே புயலில் கொல்லைப் பலா சாயும்வரை எங்கள் வீட்டுக் கோழிகளில் பாதி அதில்தான் அடையும், யாரும் கண்டுகொண்டதில்லை. பலா கனமான மரம், இலை அடர்த்தி, மழைக்கும் ஓரளவு மறைப்பு. முருங்கை அப்படியில்லை. கிளை சட்டென்று ஒடியும், இலையோ சல்லடை, கூகையும் மரநாயும் கேட்காமலே வரும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "ஒரு வாரம் வெளியவே வுடாத, அப்புறம் அதுவா வரும்" என்றார். அதேதான் செய்தது. விடையையும் இளம்பெட்டையையும் கூண்டுக்குள்ளேயே ஒரு வாரம் அடைத்து, தீனி தண்ணீர் உள்ளேயே கொடுத்து, இருட்டியபின் தரையில் இருப்பதைத் தூக்கி மெல்லக் கழியில் வைத்தேன். இருட்டில் வைக்கும்போது மற்றவை கொத்தாது, யார் பக்கத்தில் வந்தது என்று அவற்றுக்குத் தெரியாது. காலையில் எழும்போது பக்கத்தில் இருப்பது பழகின முகமாகிவிடும். புதுக்கோழியை மந்தையில் சேர்ப்பதற்கும் இதே வழிதான். திறந்துவிட்ட பிறகும் சாயங்காலத் தீனியைக் கூண்டுக்குள்ளேயே போடுவதை நிறுத்தவில்லை. ஒரு பிடி கம்பு போதும். இளம்பெட்டை சரியாகிவிட்டது. விடை மட்டும் இப்போதும் சில நாள் முருங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வரும். அதற்காகவே தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட்டேன், எப்படியும் முருங்கையைக் கழிக்க வேண்டிய பருவம்தான்.

கழி கழன்று வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதன் பலன் செள்ளு பார்க்கும்போது தெரியும். ரத்தம் குடிக்கும் சிவப்புச் செள்ளு பகலில் கோழி மேல் இருக்காது. கழியின் அடிப்பக்கம், முனை உட்காரும் சந்து, ஆணித்துளை, இங்கெல்லாம் ஒளிந்திருந்து ராத்திரியில்தான் ஏறும். கோழி உண்ணியும் அதே ரகம், சுவர் வெடிப்பிலும் மர வெடிப்பிலும் பகலைக் கழிக்கும், தீனி இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். பகலில் கோழியைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டால் கொண்டை வெளுத்த பிறகுதான் விஷயம் தெரியும். அதனால் பார்க்க வேண்டியது கழியைத்தான். இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து, வெள்ளைத் துணியால் கழியின் அடிப்பக்கத்தை ஒரு இழு இழுத்து டார்ச்சில் பாருங்கள். துணியில் சிவப்புத் தீற்றல் இருந்தால் செள்ளு வந்துவிட்டது. நான் மாதம் ஒருதரம் இரண்டு கழியையும் கழற்றி, ஆங்கிளில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, கழியை உச்சி வெயிலில் போட்டுவிட்டு, சாயங்காலம் முனைகளில் வேப்பெண்ணெய் தடவி மாட்டுகிறேன். சுவர்ச் சந்துகளுக்குச் சுண்ணாம்பு. வண்டியில் வடித்த கழிவு ஆயிலைப் பூசுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு; கோழி ராத்திரி முழுக்க நெஞ்சை வைத்துப் படுக்கிற இடத்தில் அதை நான் பூச மாட்டேன். கூண்டுக்கு வெளியே ஒரு பழைய டயரில் மணலும் சாம்பலும் போட்டு வைத்திருக்கிறேன், புரண்டு குளிக்க. உடம்பில் இருக்கிற பேனை அவை அங்கேயே உதறிக்கொள்ளும்.

இப்போது பெட்டியில் யாரும் தூங்குவதில்லை, அடைக்கு உட்கார்ந்த ஒரு சிறுவிடையைத் தவிர. அவளைத் தூக்கிக் கழியில் வைத்தாலும் நிற்கமாட்டாள், வைக்கவும் கூடாது. முட்டையோடு தனியாக ஒரு கூடைக்கு மாற்றியாகிவிட்டது. குஞ்சு பொரித்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்திலேயே ஏறி உட்காரப் பார்க்கும். அவற்றுக்கென்று தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு அங்குலக் கனத்தில் சின்னக் கழி ஒன்றைச் செதுக்கி வைத்திருக்கிறேன், சவுக்கின் நுனித்துண்டிலேயே. சின்னதிலேயே கழியில் ஏறப் பழகிய குஞ்சு வளர்ந்தபின் பெட்டியைத் தேடாது, முருங்கையைத் தேடுமா என்பது தாயைப் பொறுத்தது. தாய்க்கோழி குஞ்சுகளோடு தரையில் படுக்கும்வரை அந்தச் சின்னக் கழி சும்மா கிடக்கும், அவள் குஞ்சுகளை விரட்ட ஆரம்பிக்கும்போதுதான் வேலைக்கு வரும்.